நிலவறையும் பக்கத்து வீடும்

ஆபத்து வருமுன் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் எவரும் இலர். எவ்வாறு ஆயத்தமாவது என்னும் வினாவில்தான் உலகம் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒரு வழி வீட்டின் கீழே தோண்டிய நிலவறைக்குள் இறங்கிச் செல்கிறது. மற்றொரு வழி பக்கத்து வீட்டு வாசலுக்குச் செல்கிறது. தொழிலுக்காகவும் உத்தியோகத்துக்காகவும் பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியமர்ந்திருக்கும் நாம், இவ்விரண்டனுள் எதனை நம்பி இருக்கிறோம்? ஜப்பான் நாட்டுக் கலைஞர் சிலர் குழந்தைகளின் பழைய பொம்மைகளைக் கொண்டு இக்கேள்விக்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அதனை எடுத்துச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். எனினும் நிலவறையின் கதையை முதலில் சொல்லிவிடுவது நலம்.

1961-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். பெர்லின் நகரை முன்னிட்டு அணுகுண்டுப் போர் மூளக்கூடும் என்ற அச்சம் அப்போது நிலவியது. கதிரியக்கத் தூசியிலிருந்து மக்களைக் காக்கும் புகலிடங்களைக் கண்டறிந்து, அவற்றில் உணவும் நீரும் மருந்தும் சேமிக்கப் பணம் வேண்டும் என்று அவர் கேட்டார். பொதுப் புகலிடங்களைப் பற்றிய இந்தப் பேச்சு, சில வாரங்களுக்குள் வீட்டுக்கு வீடு நிலவறை என்னும் பேச்சாக மாறிவிட்டது. தோட்டத்தைத் தோண்டிக் கான்கிரீட் அறை கட்டுவோரும், அதற்கான சாமான்களை விற்போரும் பெருகினர்.

உடனே ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. நம் குடும்பத்துக்கு மட்டும் போதுமான அறையில் அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டினால் என் செய்வது? மக்யூ என்னும் ஏசு சபைப் பாதிரியார் ஒருவர், பலாத்காரத்தைக் கையாண்டேனும் அவர்களைத் தடுப்பதற்கு வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்று அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு கத்தோலிக்க வார இதழில் எழுதினார். பிற சமயத் தலைவர்கள் இதனைக் கண்டித்தனர். அதே மாதத்தில் ராட் செர்லிங் என்னும் ஆசிரியர் எழுதிய நாடகம் ஒன்று தொலைக்காட்சியில் வந்தது. ஒரு மருத்துவரின் பிறந்தநாளுக்காக அண்டை அயலார் கூடியிருக்கிறார்கள். அபாய அறிவிப்பு வருகிறது. மருத்துவர் தம் மனைவி மகனோடு நிலவறைக்குள் புகுந்து தாழிடுகிறார். சற்றுமுன் அவருக்கு வாழ்த்துக் கூறியவர்களே கதவை உடைத்துத் திறக்கிறார்கள். திறந்த கணத்தில், அபாயம் ஏதுமில்லை என்று வானொலி அறிவிக்கிறது. போர் வரவில்லை, ஆயினும் அந்தத் தெருவில் பழைய நட்பு மீளப்போவதில்லை.

அந்தக் கான்கிரீட் அறைகள் நாளடைவில் தட்டுமுட்டுச் சாமான் போடும் இடங்களாயின. ஆனால் அவற்றைத் தோண்டச் செய்த மனப்போக்கு மறையவில்லை. 1970-களில் தம்மை உயிர்பிழைப்புவாதிகள் என்று அழைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தார் தோன்றினர். மாதக்கணக்கில் உணவு, தண்ணீர், துப்பாக்கி, நகரை விட்டு ஓடுவதற்குத் தயாராகக் கட்டிவைத்த பை என்று இவர்களுக்கென ஒரு வாழ்க்கை முறையும், அதனை ஒட்டிய பெரிய வியாபாரமும் ஏற்பட்டுள்ளன. 2012-ஆம் ஆண்டு முதல் இவர்களைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் சில ஆண்டுகள் நடைபெற்றது.

சேமித்து வைப்பதை நாம் குறை கூறவில்லை. குதிரில் நெல்லும், பரணில் வற்றலும், ஜாடியில் உப்பிட்ட நார்த்தங்காயும் இல்லாத வீட்டை நம் பாட்டிமார் வீடென்றே மதித்ததில்லை. ஆனால் அந்தக் குதிரிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஆழாக்கு அரிசி கைமாற்றாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வீட்டுச் சேமிப்பு தெருவுக்கும் சேமிப்பாக இருந்ததென்றே சொல்ல வேண்டும்.

இனி ஜப்பானுக்கு வருவோம்.

1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி விடியற்காலை 5 மணி 46 நிமிடத்துக்குக் கோபே நகரமும் அதன் சுற்றுப்புறமும் குலுங்கின. மாண்டவர் 6,434 பேர். கனமான ஓடு வேய்ந்த பழைய மர வீடுகள் உறங்கிக்கொண்டிருந்தோர் மீது அப்படியே அமர்ந்துவிட்டன. குழாய்கள் உடைந்தமையால் தீயணைப்போர் கையில் நீரில்லை. இடிபாடுகளில் சிக்கிப் பிறர் உதவியை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் ஏறத்தாழ 35,000 பேர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அவர்களுள் தீயணைப்புப் படையும் போலீசும் இராணுவமும் மீட்டவர்கள் 8,000 பேர் அளவில்தான். எஞ்சிய 27,000 பேரையும் குடும்பத்தாரும் அண்டை அயலாரும் மீட்டனர். மோட்டார் காரை உயர்த்தும் ஜாக்கியும் கைரம்பமும் கடப்பாரையுமே அவர்களுடைய கருவிகள்.

கோபேக்கு எதிரே கடலில் அவாஜி என்றொரு தீவு. நிலம் பிளந்த கோடு அத்தீவிலுள்ள ஹொகுதான் என்னும் சிற்றூரின் வழியாகவே சென்றது. அங்கே ஏறத்தாழ 300 பேர் வீடிடிந்து புதைந்தனர். ஆனால் ஊர்த் தொண்டர்கள் அன்று பொழுது சாய்வதற்குள் தேடும் வேலையை முடித்துவிட்டார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார், முதியவர் எந்த அறையில் படுப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேரே அவ்விடத்தில் தோண்டினார்கள். நகரத்திலோ, இந்த வீட்டில் ஆள் உண்டா இல்லையா என்று அறிந்து சொல்வார் இல்லாமல் பொழுது கழிந்த தெருக்கள் பல.

நாம் படுக்கும் அறை நம் அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியுமா? பம்பாயிலோ கல்கத்தாவிலோ தில்லியிலோ அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் நம்மில் எத்தனை பேர் இதற்கு ஆம் என்று சொல்ல முடியும்? கதவில் பெயர்ப்பலகை தொங்குகிறது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு புன்னகை. அவ்வளவோடு நின்றுவிடும் உறவுகளே மிகுதி.

கோபே மக்களுக்கு இந்த உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததைப் பழக்கமாக்குவது எப்படி? ஒத்திகைகள் நடந்தன. வழக்கம் போல் வயதானவர் சிலர் வந்து, அதிகாரியின் உரையைக் கேட்டுவிட்டுத் திரும்பினர். இளம் பெற்றோரும் குழந்தைகளும் எட்டிப் பார்க்கவில்லை. 2005-ஆம் ஆண்டில், நிலநடுக்கத்தின் பத்தாம் ஆண்டு நினைவையொட்டி, ஹிரோகாசு நகாதா என்பவர் புதிய முயற்சி ஒன்றைத் தொடங்கினார். பிளஸ் ஆர்ட்ஸ் என்னும் அமைப்பைப் பின்னர் நிறுவியவர் இவர். நிலநடுக்கத்தைக் கண்டவர் 167 பேரிடம் கேட்டறிந்த செய்திகளை ஆதாரமாகக் கொண்டு அவருடைய குழு பாடங்களை வகுத்தது. ஹிரோஷி ஃபூஜி என்னும் ஓவியர் 2000-ஆம் ஆண்டு முதல் நடத்திவந்த ஒரு பொம்மைச் சந்தையை அந்தப் பாடங்களுக்கு வாகனமாக அமைத்துக்கொண்டது.

அந்தச் சந்தையில் காசு செல்லாது. குழந்தை தனக்கு அலுத்துப்போன பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தால், அதன் மதிப்புக்கேற்பப் புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைக் கொண்டு வேறொரு குழந்தை கொடுத்த பொம்மையை வாங்கிக்கொள்ளலாம். புள்ளி போதாவிட்டால் ஏதேனும் ஒரு பயிற்சியில் சேர்ந்து ஈட்ட வேண்டும். மிகச் சிறந்த பொம்மைகள் கடைசியில் ஏலத்துக்கு வரும். ஆகவே புள்ளி சேர்க்கும் ஆசைக்கு எல்லையே இராது. நகாதா செய்தது என்ன? புள்ளி ஈட்டும் பயிற்சிகள் யாவற்றையும் ஆபத்துக்காலப் பயிற்சிகளாக மாற்றினார். அவ்வளவுதான். மற்றதைக் குழந்தைகளின் ஆசை பார்த்துக்கொண்டது.

இதற்கு ‘இஸா கயேரு கேரவன்’ என்று பெயர். ‘இஸா’ என்பது இடுக்கண் நேரும் வேளையைக் குறிக்கும் சொல். ‘கயேரு’ என்றால் ஜப்பானிய மொழியில் தவளை. மாற்றிக்கொள்ளுதல் என்றும், வீடு திரும்புதல் என்றும் அவ்வோசைக்கே பொருளுண்டு. நம் சிலேடைப் புலவர்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள். ஆகையால் அங்கே எங்கு நோக்கினும் தவளைதான். பாரத்தின் கீழே அகப்பட்டுக் கிடக்கிறது ஒரு தவளைப் பொம்மை. ஜாக்கியால் அப்பாரத்தைத் தூக்கி அதனை விடுவிக்க வேண்டும். தவளைப் படம் வரைந்த இலக்கை நோக்கித் தீயணைக்கும் கருவியால் நீரைப் பீய்ச்ச வேண்டும். வாளிகளைக் கைக்குக் கை மாற்றி நீர் கொண்டுசெல்லும் பந்தயம் ஒன்று. காயமுற்ற பெரிய தவளையைக் கம்பளியில் கிடத்திச் சுமந்து ஓடும் பந்தயம் மற்றொன்று. பழைய செய்தித்தாளை மடித்து உண்கலம் செய்யவும் கற்பிக்கிறார்கள். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து உண்டபின் தாளை மட்டும் எறிந்துவிட்டால், பாத்திரம் கழுவத் தண்ணீர் வேண்டாம். தொன்னை தைக்கத் தெரிந்த இனத்தாராகிய நமக்கு இது எளிதில் விளங்கும்.

பிள்ளையை அழைத்துவந்த தகப்பனார் சும்மா நிற்க முடிவதில்லை. வாளி வரிசைக்கு ஆள் போதாது, அவரும் நிற்கிறார். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். அதே தெருவில் பத்தாண்டு வாழ்ந்தும் பேசாதவர்கள், தளும்பும் வாளியைக் கைமாற்றும்போது பேசாமல் இருக்க இயலாது. இந்த முயற்சி ஜப்பானின் பல ஊர்களுக்கும், இந்தோனேசியா முதலிய அயல்நாடுகளுக்கும் பரவியிருக்கிறது.

இதனைக் கலை என்று சொல்லலாமா என்று கேட்பார் உண்டு. சுவரில் மாட்ட ஓவியமில்லை. மேடையில் நிறுத்தச் சிலையில்லை. நாம் அவ்வாறு ஐயுற வேண்டியதில்லை. வடஆர்க்காட்டுப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில், படுகளத்தன்று மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் பேருருவாகக் கிடத்துகிறார்கள். கூத்தாடுவோர் சிலர், ஊரார் அனைவரும் அந்தக் களத்தில் பாத்திரங்கள். அங்கே பார்வையாளர் யார், கலைஞர் யார் என்று கோடு கிழிக்க முடியுமா? ஊரைப் பங்குகொள்ளச் செய்யும் அமைப்பை வகுப்பதும் ஒரு கலைஞனின் வேலையே. ஃபூஜி வகுத்தது அத்தகைய ஓர் அமைப்பு.

ஆபத்துக்கும் கலைக்கும் ஜப்பானில் உள்ள தொடர்பும் புதியதன்று. பூமிக்கடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் புரள்வதே நிலநடுக்கம் என்பது அவர்களுடைய பழங்கதை. 1855-ஆம் ஆண்டு, இன்றைய தோக்கியோவாகிய எதோ நகரம் குலுங்கிய சில நாட்களுக்குள், இந்த மீனை வரைந்த மலிவு விலை அச்சுப் படங்கள் நூற்றுக்கணக்கில் விற்பனைக்கு வந்தன. அரசாங்கம் அவற்றை அடக்கியது. சில படங்களில் தச்சரும் கொத்தரும் மீனுக்கு நன்றி சொல்லி விருந்து வைக்கிறார்கள்; ஏனெனில் இடிந்த நகரில் அவர்களுக்கே கூலி மிகுதி! துன்பத்திலும் இப்படி ஒரு குத்தல். தவளைப் பொம்மை அந்த மீனின் வழித்தோன்றல் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நிலவறைகளின் நாடாகிய அமெரிக்காவிலும் வேறு வழி நாடியவர்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டு கத்ரீனா புயலின்போது, நியூ ஆர்லியன்ஸ் நகரில் சொந்த வாகனம் இல்லாத பலர் வெளியேற வழியின்றித் தவித்தனர். 2013-ஆம் ஆண்டில் அந்நகரின் 17 இடங்களில், கையை உயர்த்தி நிற்கும் மனித உருவங்களை எஃகினால் நிறுவினார்கள். ஒவ்வொன்றும் 14 அடி உயரம். டக்ளஸ் கோர்ன்ஃபெல்ட் என்னும் சிற்பியின் படைப்பு அது. புயல் எச்சரிக்கை வந்ததும் அச்சிலையடியில் போய் நின்றால் அரசு வண்டி வந்து அழைத்துச் செல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அவ்வூர் மொழி தெரியாதவருக்கும் சிலை புரியும்.

மொழி என்றதும் நம்மைப் போன்ற குடியேறியவர்களின் நிலை நினைவுக்கு வருகிறது. கோபே நகரில் நகாதா என்னும் பெயருடைய வட்டாரம் ஒன்றுண்டு. மேலே சொன்னவருக்கும் அதற்கும் பெயரளவில்தான் ஒற்றுமை. செருப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த அப்பகுதியில் கொரியரும் வியத்நாமியரும் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். நிலநடுக்கத்தை அடுத்து மூண்ட தீ அவ்வட்டாரத்தைப் பெரிதும் அழித்தது. கொரியருக்கு ஒரு பழைய அச்சமும் இருந்தது. 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தோக்கியோவில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, கிணறுகளில் கொரியர் நஞ்சிடுகிறார்கள் என்று வதந்தி பரவி, ஆயிரக்கணக்கான கொரியர் கொல்லப்பட்டனர். அயலூரான் அயலானாகவே இருந்துவிட்டால், இடுக்கண் வேளையில் அவன் பெயரில் என்ன வதந்தி கிளம்பும் என்று சொல்ல முடியாது.

கோபேயின் கொரிய மக்கள் 1995-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதியே சிறு வானொலி ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். ‘யோபோசேயோ’ என்று அதற்குப் பெயர். தொலைபேசியை எடுத்ததும் கொரியர் சொல்லும் சொல் அது. ஏப்ரல் மாதத்தில் ‘யூமென்’ என்னும் மற்றொரு நிலையம் வியத்நாமிய மொழி முதலாகப் பல மொழிகளில் பேசத் தொடங்கியது. வியத்நாமிய மொழியில் அன்பு என்று அதற்குப் பொருள். எங்கே சோறு கிடைக்கும், எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது, எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்பனவே நிகழ்ச்சிகள். இடையிடையே தாய்நாட்டுப் பாட்டு. அண்டையில் இருந்த ஜப்பானியரும் அப்பாட்டைக் கேட்டார்கள். இவ்விரண்டு நிலையங்களும் ஒன்றாகி 1996-ஆம் ஆண்டு ஜனவரி 17 அன்று உரிமம் பெற்றன. 2016-ஆம் ஆண்டில் அலைவரிசையை விட்டு இணையத்துக்கு மாறின.

யூமென் நிலையம் இயங்கிய தாகாதோரி மாதா கோயில் வளாகத்தில்தான் ஷிகேரு பான் என்னும் கட்டடக் கலைஞர், தீக்கிரையான கோயிலுக்குப் பதிலாகக் காகிதக் குழாய்கள் 58 கொண்டு ஒரு கூடம் எழுப்பினார். தொண்டர்கள் ஏறத்தாழ 160 பேர் ஐந்து வாரங்களில் அதனை நிறுத்தினர். பூங்காவில் கூடாரமடித்துத் தங்கிய வியத்நாமியக் குடும்பங்களுக்கும் காகிதக் குழாய்ச் சுவர்களால் அவர் வீடு அமைத்தார். மணல் மூட்டைகளிட்ட பீர்ப் பெட்டிகளே அவற்றுக்கு அஸ்திவாரம்.

அந்தக் காகித வீடு நம் நாட்டுக்கும் வந்தது. 2001-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று காலையில் குஜராத்தின் கட்சுப் பகுதி குலுங்கிய பின்னர், பூஜ் நகரில் பான் அதனைக் கட்டினார். பீர்ப் பெட்டிக்கு அங்கே வழியில்லை. இடிந்த கட்டடங்களின் கல்லும் மண்ணுமே அடித்தளமாயின. தரைக்கு மண் பூச்சு, கூரைக்கு மூங்கிலும் பாயும். 2022-ஆம் ஆண்டில் பூஜ் நகரத்துக் குன்றின்மீது ஸ்மிருதிவனம் என்னும் நினைவிடம் திறக்கப்பட்டது. அதன் கூடமொன்றில் தரையே அதிர்ந்து, நிலநடுக்கத்தைப் பார்வையாளருக்கு உணர்த்துகிறது. குஜராத்தில் வாழும் தமிழர்கள் குழந்தைகளோடு சென்று காணத்தக்கது. எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதிரும் தரை காலுக்குப் பாடம். கைக்கும் பாடம் வேண்டும்.

கைப்பாடத்தின் பயனை ஒடிசாவில் கண்டிருக்கிறோம். 1999-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013-ஆம் ஆண்டு பைலின் புயல் வந்தபோது இலட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் நூற்றுக்கும் குறைவு. வானிலை அறிவியலும் புகலிடங்களும் இதற்குக் காரணம் என்பது மெய்யே. கடற்கரை ஊர்தோறும் இளைஞர்கள் கூடி, யார் வீட்டில் கிழவி இருக்கிறாள், யாரை யார் தூக்கிச் செல்வது என்று ஆண்டுதோறும் ஒத்திகை பார்த்ததும் ஒரு காரணமாகும்.

நாம் வாழும் நகரங்களில் தமிழ்ச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கலை ஒட்டிக் கோலப் போட்டியும் பாட்டுக் கச்சேரியும் நடத்துகிறோம். போகியன்று பழையன கழிக்கும் வழக்கமும் நமக்குண்டு. அன்று கழிக்கும் பொம்மைகளைச் சங்கத்தின் முற்றத்தில் கொண்டுவந்து குவித்தால் சந்தை ஒன்று தயாராகிவிட்டது. ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லுவோம்: அச்சந்தையைத் தமிழ்க் குழந்தைகளுக்கு என்று வேலியிட்டுவிடலாகாது. நம்மவரே கூடி நம்மவரையே மீட்கப் பழகுவதும் ஒருவகை நிலவறைதான்; சற்றே பெரியது, அவ்வளவே. மராத்தியரும் வங்காளியரும் பஞ்சாபியருமாகிய அண்டை வீட்டுப் பிள்ளைகள் வந்தால்தான் அவர்களுடைய பெற்றோர் வருவார்கள். வாளி வரிசையில் இந்தியும் தமிழும் கலந்து குழம்பட்டும்.

செலவும் அதிகமில்லை. பத்து வாளி, ஒரு ஜாக்கி, ஒரு கயிறு, ஒரு பழைய கம்பளி. கம்பளியைப் பயன்படுத்தும் முறையை மட்டும் சொல்லிவிடுவோம். காயமுற்றவரை அதன் நடுவில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். இரு ஓரங்களையும் அவர் உடலை ஒட்டி வரும்வரை இறுகச் சுருட்ட வேண்டும். சுருள் பருமனாக இருந்தால்தான் கைப்பிடி நழுவாது. பக்கத்துக்கு மூவராக அறுவர் சுருளைப் பற்றிக்கொண்டு, ஒருவர் சொல்லும் எண்ணுக்கு ஏற்ப ஒரே கணத்தில் எழ வேண்டும். அந்த ஒன்று இரண்டு மூன்றை எந்த மொழியில் சொல்வது என்பதை ஆறு பேரும் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வது நல்லது.